பேஜ் 2, 3-க்குக் கேனானிக்கல் எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி:
ஆன்லைன் கடையின் ஒரு பொருள்வகைப் பக்கத்தில் 480 பொருட்கள், 24 வீதம் 20 பக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரே டைட்டில், ஒரே அறிமுகப் பத்தி. டூப்ளிகேட் ஆகிவிடுமென்று 2 முதல் 20 வரை கேனானிக்கலாக (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) முதல் பக்கத்தையே கொடுத்திருக்கிறது. இப்போது பின்பக்கப் பொருட்கள் பல கூகுளில் இண்டெக்ஸ் ஆகவில்லை, அதாவது தேடல் பட்டியலில் சேரவில்லை. நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறி) போடலாமா? அடுத்த, முந்தைய பக்கம் எது என்று சொல்லும் ரெல் நெக்ஸ்ட், ப்ரீவ் குறிகள் தேவையா?

பதில் 1:
அந்தக் கேனானிக்கலை முதலில் எடுங்கள். 5-ஆம் பக்கத்தில் இருப்பவை வேறு 24 பொருட்கள். அது முதல் பக்கத்தின் நகல் இல்லை. நகல் என்று நீங்களே சொல்லி கூகுளும் ஏற்றுக்கொண்டால், அதிலுள்ள லிங்க்குகளும் கவனிக்கப்படாமல் போகலாம். ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே காட்டட்டும்.

உண்மையான நகல் ஒன்றுதான்: முகவரியின் கடைசியில் ?பேஜ்=1 என்று வரும் முதல் பக்கம். அதை 301 (நிரந்தரத் திசைதிருப்பல்) மூலம் மூல முகவரிக்குத் திருப்புங்கள். அறிமுகப் பத்தி முதல் பக்கத்தில் மட்டும் போதும்.

நோஇண்டெக்ஸ் வேண்டவே வேண்டாம். நீண்ட நாள் அப்படியே கிடந்தால் அந்தப் பக்கத்தின் லிங்க்குகளைக் கூகுள் பின்தொடர்வதும் நின்றுவிடலாம்.

பதில் 2:
ரெல் நெக்ஸ்ட், ப்ரீவை இண்டெக்ஸிங்குக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இருந்தால் இருக்கட்டும். பக்க எண்கள் ஹெச்ரெஃப் (லிங்க்கில் முகவரியைத் தரும் பகுதி) உள்ள லிங்க்குகளா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். 'மேலும் காட்டு' பட்டனைக் கூகுள்பாட் (பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரல்) அழுத்தாது. பக்க எண் # குறிக்குப் பின்னால் வந்தால் தனிப் பக்கமாகவும் எடுத்துக்கொள்ளாது.

கேட்டவர்:
விலை வரிசை, நிற ஃபில்டர் போடும்போது உருவாகும் முகவரிகளை என்ன செய்வது? ரோபாட்ஸ் ஃபைலில் (எந்தப் பக்கங்களைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிட்டு நோஇண்டெக்ஸும் கொடுக்கலாமா?

பதில் 1:
இரண்டும் சேராது. தடுத்த பக்கத்தைக் கூகுள் திறக்காது. திறக்காதபோது உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறு தளங்களிலிருந்து லிங்க் இருந்தால் முகவரி மட்டும் தேடலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே இண்டெக்ஸ் ஆனவற்றுக்கு நோஇண்டெக்ஸ் கொடுத்து, அவை விலகும்வரை காத்திருங்கள். அதன்பின் க்ரால் (கூகுள் பக்கங்களைத் திறந்து படிப்பது) வீணாவதைக் குறைக்கத் தடுக்கலாம். மக்கள் உண்மையிலேயே தேடும் ஃபில்டர் இருந்தால் அதை ஒதுக்காதீர்கள், தனி டைட்டிலோடு நிலையான பக்கமாக்குங்கள்.

பதில் 2:
இல்லாத 21-ஆம் பக்கத்தையும் திறந்து பாருங்கள். காலிப் பக்கத்தோடு 200 ('சரி' என்ற பதில் எண்) வந்தால் சாஃப்ட் 404 ஆகும், அதாவது இல்லாத பக்கம் இருப்பதாகச் சொல்வது. நேரடியாக 404 ('பக்கம் இல்லை') கொடுங்கள். மாற்றியபின் கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் முகவரியைப் பரிசோதித்து, நீங்கள் சொன்ன கேனானிக்கலும் கூகுள் தேர்ந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கேனானிக்கல் வெறும் பரிந்துரை. சைட்மேப்பும் (தளத்தின் முகவரிப் பட்டியல்) உள் லிங்க்குகளும் வேறு முகவரியைக் காட்டினால் கூகுள் அந்த முகவரியின் பக்கம் சாயக்கூடும்.