ரீப்ரொடக்‌ஷனுக்கு (ஓவியத்தைப் படம் பிடித்து அச்சிட்ட பிரதிக்கு) ‘ஓவியப்படி’ என்ற தமிழ்ச்சொல் பொருந்துமா?

> ‘நகல்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். நகல் என்றதும் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஓவிய நகல்’ என்றாலோ, வேறொருவர் பார்த்து வரைந்தது என்று ஆகிவிடுகிறது.

என் மேசையில் ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’ அஞ்சலட்டை இருக்கிறது. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து தீட்டியது. கறுப்பாகச் சாய்ந்து நிற்பது பியானோ, அதன் முன்னே கூட்டம், மற்றபடி மஞ்சள், மஞ்சள். மூலம் அதே ஊரில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். என் அட்டை 15 செ.மீ.கூட இல்லை. இதை யாரும் திரும்ப வரையவில்லை. படம் பிடித்து, நாலு மைகளில் புள்ளி புள்ளியாக அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ‘அச்சோவியம்’ என்கிறார் இன்னொருவர். அது வேண்டாம். மரத்தில் செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சோவியம் தானே ஒரு மூலப் படைப்பு. காண்டின்ஸ்கியே அப்படி நிறையச் செய்திருக்கிறார். 1913இல் வந்த அவருடைய ‘கிளாங்கெ’ கவிதை நூல் முழுக்க மரச்செதுக்கு அச்சுகள்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு நஷ்டம்.

‘மறுஆக்கம்’ என்பது ஓவியத்தையே மாற்றிச் செய்ததுபோல ஒலிக்கிறது.

கல்வெட்டில் தாளை ஒற்றி மையிட்டு எடுப்பதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் ‘மைப்படி’ என்று சொல்வார்கள் அல்லவா? கல் இருந்த இடத்திலேயே இருக்கும், எழுத்து மட்டும் தாளுக்கு வரும். மைப்படியைக் கல்வெட்டு என்று யாரும் மயங்குவதில்லை. அதே வழியில் ‘ஓவியப்படி’. முதலில் ‘வண்ணப்படி’ என்றுதான் யோசித்தேன். கறுப்பு வெள்ளை அட்டைகளும் உண்டே என்று விட்டுவிட்டேன். ‘படியெடுத்தல்’ என்ற வினையும் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இன்னொரு வசதி. இந்த ஓவியத்தைவிட வழக்கமான அஞ்சலட்டை சற்று நீளவாக்கானது. அட்டையை முழுதாக நிரப்பினால் ஓவியத்தின் மேலும் கீழும் வெட்டு விழும். வெட்டாவிட்டால் இருபுறமும் வெள்ளை விட வேண்டும். வெள்ளை விட்டது ‘முழுப்படி’, வெட்டியது ‘பகுதிப்படி’. பின்பக்கத்தில் இந்த ஒரு சொல் இருந்தால் போதும்.

படிக்கட்டு ஞாபகம் வருகிறது என்பவர்களுக்கு: ‘கையெழுத்துப்படி’ என்னும்போது வருகிறதா?

அப்புறம், தலைப்பில் உள்ள ‘இம்ப்ரெஷ’னுக்கு ‘மனப்பதிவு’ என்று எழுதிப் பார்த்தேன். பதிவு என்றதும் மறுபடி அச்சகத்துக்கே போய்விடுகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.