புதுப்பிப்பு: அப்பாவின் 1988 காருக்கு எந்த எஞ்சின் ஆயில்?

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவின் 1988 கார் பினாங்கின் ஆயர் ஈத்தாம் மேடு ஏறி வந்து நின்றால் வால்வுப் பக்கம் டக் டக் சத்தம், 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் ஊற்றலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் கெட்டியான 20டபிள்யூ-50 மினரல் ஆயிலுக்கே திரும்பிவிட்டோம்.

ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன் எஞ்சின் மேல்மூடியைத் திறந்து காட்டினார். இந்த எஞ்சினில் ரோலர் கிடையாது, சுழலும் கேம் தண்டின் மேல், வால்வை அமுக்கும் ராக்கர் நெம்பு நேராக உரசும். அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற அமெரிக்க ஆயில் தரம், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்காமல் காக்கத்தான் அந்த வரம்பு. 20டபிள்யூ-50க்கு அது இல்லை, எங்கள் காரில் கன்வெர்ட்டரும் இல்லை. பினாங்கு வெயிலில் கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்யவும் தொல்லை தரவில்லை.

சரி, சத்தம்? பாதிதான் குறைந்தது. வால்வு இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள சந்து) சரிசெய்த பிறகே அடங்கியது. ஆயிலை மாற்றுமுன் அதைப் பாருங்கள். அப்புறம், தனி பாட்டிலில் விற்கும் துத்தநாகக் கலவையை ஊற்றவே ஊற்றாதீர்கள், அளவு மீறினால் அதுவே கேமை அரிக்கும்.

நேற்று அப்பாவே ஓட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய் வந்தார்.