லே-ஆஃப்: 'தற்காலிகப் பணிநீக்கம்' வேண்டாம், 'வேலைதராமை' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன். பன்னாட்டு நிறுவனங்களுக்கான தொழிலாளர் சட்டச் சொற்பட்டியலில் லே-ஆஃப் என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். தொழிலாளியைப் பணியில் வைத்துக்கொண்டே முதலாளி சில காலம் வேலை தராமல் இருப்பதுதான் நம் சட்டத்தின் லே-ஆஃப். மற்றவற்றில் சற்று முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம். இதில் தவறினால் தொழிலாளியின் கைக்கு வரவேண்டிய பணம் வராமல் போகும்.

> 'தற்காலிகப் பணிநீக்கம்' என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. வாசகருக்குப் புரிகிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, புரிகிறது என்பதில்தான் எனக்கு ஐயம். 2021இல் சிப் தட்டுப்பாட்டால் கார் ஆலைகள் திணறிக்கொண்டிருந்த நேரம். ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் சில நாள்களுக்கு லே-ஆஃப் அறிவித்தது. அந்த அறிவிப்பின் நகல் பிறகு ஒரு வழக்குக் கட்டில் என் கைக்கு வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: காரணம், தேதிகள், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் நாள்தோறும் வந்து வருகை பதிய வேண்டும் என்ற குறிப்பு. தமிழ்ப் பக்கத்தில் 'கீழ்க்கண்ட தொழிலாளர்கள் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்கள்' என்ற ஒரு வரியும் பெயர்ப் பட்டியலும் மட்டுமே. படித்த ஒருவர், நீக்கிவிட்டார்கள், இனி வாசலில் நின்று என்ன பயன் என்று திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நிலக்கடலை பிடுங்கும் பருவம், வீட்டிலும் ஆள் தேவைப்பட்டது. அந்த நாள்களுக்கு அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

நிறுவனம் காட்டிய சட்டப்பிரிவு சரியானதுதான். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், லே-ஆஃப் காலத்தில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை இழப்பீடாகத் தரச் சொன்னது. ஆனால், நாளுக்கு ஒரு முறையாவது குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து முகம் காட்டாதவருக்கு அது கிடையாது என்றும் சொன்னது. 'நீக்கம்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? நிலையாணைகளை, அதாவது ஆலையின் பணி விதிகளை, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஆலை வாசலருகே ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததே இப்படிப்பட்ட நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான்.

லே-ஆஃப் பற்றிய இந்திய வரையறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் முதலாளி வேலை தரத் தவறுவது, மறுப்பது அல்லது இயலாமல் போவது. யாருக்கு? மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இருக்கும் தொழிலாளிக்கு, கணக்கு முடித்து அனுப்பப்படாதவருக்கு. குறித்த நேரத்தில் வந்து நின்று இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படாவிட்டால் அன்றைய நாள் முழுவதும் லே-ஆஃப். ஷிஃப்டின் பிற்பாதியில் வா என்று சொல்லி அப்போது வேலை கொடுத்தால் அரை நாள் லே-ஆஃப். அரை நாளுக்கு நடக்கக்கூடிய ஒன்றை நீக்கம் என்று எப்படிச் சொல்வது? அரை நாள் பணிநீக்கம் என்று எழுதிப் பார்த்தாலே அந்தச் சொல் இதற்குப் பொருந்தாது என்பது தெரிந்துவிடும்.

ரோலில் பெயர் இருக்கிறது, வேலை உறவு அறவில்லை. வரையறையின் உயிர் இதுதான். 1947 சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த உயிர் மாறவில்லை. லே-ஆஃப், பணியையே முடித்து அனுப்பும் ரிட்ரெஞ்ச்மென்ட், ஆலை மூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய வரம்புதான் 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகியிருக்கிறது. அது தனி வருத்தம், வேறு இழையில் பேசுவோம்.

> அமெரிக்க நிறுவனங்கள் லே-ஆஃப் என்றால் வேலை போய்விட்டது என்றுதானே பொருள்? ட்விட்டரில் அப்படித்தானே நடந்தது?

ஆம். 2022 நவம்பரில் அந்த நிறுவனம் உலகெங்கும் ஏறக்குறைய பாதி ஊழியர்களை ஒரே வீச்சில் அனுப்பியபோது, இந்திய அலுவலகங்களில் இருந்தவர்களுக்கும் மின்னஞ்சலில்தான் செய்தி வந்தது. செய்தித்தாள்கள் அதை லே-ஆஃப் என்றே எழுதின. அன்றாட அமெரிக்கப் பேச்சில் அந்தச் சொல் முழுமையான வேலையிழப்பைக் குறிக்கிறது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அமெரிக்கச் சட்டப் புத்தகம் இன்னும் பழைய பொருளைக் கைவிடவில்லை. 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று சொல்லும் 1988ஆம் ஆண்டின் வார்ன் சட்டம், 'வேலையிழப்பு' என்பதன்கீழ் பணி முடிவை ஒரு வகையாகவும், ஆறு மாதத்தைத் தாண்டிய லே-ஆஃபைத் தனி வகையாகவும் வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு வரி எதற்கு?

பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர்களின் வேலையே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தலைமையகம் ஒரு அட்டவணை அனுப்பும். நாட்டுக்கு ஒரு வரிசை, மேலே ஒரே தலைப்பு: லே-ஆஃப். அந்தந்த நாட்டு வழக்கறிஞர் தன் வரிசையை நிரப்ப வேண்டும். பிரிட்டனில் 90 நாள் காலத்துக்குள் எத்தனை பேரை அனுப்புகிறார்கள் என்று எண்ணி, 20 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 30 நாளோ 45 நாளோ முன்பே கூட்டுக் கலந்தாய்வைத் தொடங்க வேண்டும். ஜெர்மனியில் ஊழியர் மன்றம் இருக்கும் இடத்தில் அதைக் கேட்காமல் கொடுத்த பணிமுடிவு ஓலை செல்லாது. யாரை அனுப்புவது என்பதிலும் பணிக்காலம், வயது, குடும்பப் பொறுப்பு, கடும் உடற்குறைபாடு ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சென்னை வரிசைக்கு வரும்போது வழக்கறிஞர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'நீங்கள் சொல்வது எங்கள் சட்டத்தின் லே-ஆஃபா, ரிட்ரெஞ்ச்மென்ட்டா?' என்பதுதான். இதைக் கேட்காமல் நிரப்பிய வரிசை தமிழுக்கு வரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது.

> மலேசியாவில் எங்கள் விதிமுறையிலேயே லே-ஆஃப் தனியாக இருக்கிறது.

பினாங்கு அம்மையார் சுட்டியது மிகவும் பயனுள்ளது. 1980ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, தொடர்ச்சியான நான்கு வாரத்துக்குள் குறைந்தது 12 வேலை நாள்களுக்கு முதலாளி வேலையும் தராமல் ஊதியமும் தராமல் இருந்தால் அது லே-ஆஃப். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. வேலை இல்லாததால் ஊதியம் இல்லாத வாரங்கள் தொடர்ந்து நான்கு ஆனால், தொழிலாளி தானாகவே ஆட்குறைப்புத் தொகை கேட்கும் வழியில் இறங்கலாம். ஆக, சென்னை, பினாங்கு, லண்டன் மூன்றின் சட்டத்திலும் அடிக்கருத்து ஒன்று: உறவு இருக்கிறது, வேலை வரவில்லை. தமிழ்ச் சொல் இந்த அடிக்கருத்தில் ஊன்றி நிற்க வேண்டும்.

இனி, இழையில் வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

'கட்டாய விடுப்பு' ஆகாது. விடுப்பு என்பது தொழிலாளியின் உரிமைக் கணக்கில் இருப்பது. அந்தப் பெயரைக் கொடுத்தால், ஈட்டிய விடுப்பிலிருந்து நாள்களைக் கழித்துக்கொள்ள மனிதவளத் துறைக்கு நாமே வழி திறந்துவிடுவோம். 'பணி நிறுத்திவைப்பு' எனக்குச் சில காலம் பிடித்திருந்தது. ஆனால் சஸ்பெண்ட் செய்வதோடு அது ஒட்டிக்கொள்கிறது, விசாரணைக்கு உட்பட்டவர் என்ற வாடை வந்துவிடுகிறது. 'வேலையில்லா நாள்' நல்ல சொல்தான். வாகன ஆலைகள் தேக்கக் காலங்களில் அறிவிக்கும் உற்பத்தி இல்லாத நாள்களுக்கு அது ஏற்கனவே வழங்குகிறது. அந்த நாள்களில் ஊதியம் எப்படி என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுவோம். 'லே-ஆஃப்' என்றே தமிழில் எழுதலாம் என்ற யோசனைக்கு மறுப்பில்லை. தொழிற்சங்கக் கூட்டங்களில் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் ட்விட்டர் மின்னஞ்சலைக் குறிப்பதும் அதே ஒலிதான் என்பதால் குழப்பம் அப்படியே தங்கிவிடும்.

நான் முன்வைப்பது வேலைதராமை.

காரணம் எளிது. வரையறையில் செய்பவர் முதலாளி, செய்யாமல் விட்டது வேலை தருவது. தவறுதல், மறுத்தல், இயலாமை ஆகிய மூன்றையும் தமிழின் எதிர்மறைத் தொழிற்பெயர் ஒன்றே அடக்கிக்கொள்கிறது. 'தராமை' என்றால் மனம் இல்லாமல் தராததும் ஆகும், வழி இல்லாமல் தராததும் ஆகும். வள்ளுவர் அதிகாரத் தலைப்புகளாகவே வெஃகாமை, கள்ளாமை, இன்னாசெய்யாமை என்று வைத்த வடிவம் இது. தீண்டாமை என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே சட்டத் தமிழுக்கு இந்த ஈறு அந்நியமில்லை. வேலையின்மை என்பதிலிருந்தும் தெளிவாகப் பிரிகிறது. அங்கே வேலை இல்லை, இங்கே வேலை இருக்கிறது, தரப்படவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'மின்தடையால் ஏற்பட்ட வேலைதராமை', 'வேலைதராமைக் காலம்', 'வேலைதராமை இழப்பீடு', 'அரை நாள் வேலைதராமை' எல்லாம் நிற்கின்றன. இடறுவது ஓர் இடத்தில்: 'வேலைதராத தொழிலாளி' என்று யாராவது எழுதினால் தொழிலாளி தரவில்லை என்று பொருள் திரும்பிவிடும். 'வேலை தரப்படாத தொழிலாளி' அல்லது 'வேலைதராமைக்கு உட்பட்டவர்' என்றே எழுத வேண்டும் என்று பட்டியலில் குறிப்புப் போட்டுவிடலாம்.

> அப்படியானால் ரிட்ரெஞ்ச்மென்ட்டுக்கு ஆட்குறைப்பு போதும்தானே? சிங்கப்பூரில் அதுதான் வழக்கு.

சிங்கப்பூருக்குப் போதும். அங்கே அந்தச் சொல் மிகையான ஆள்களைக் குறைப்பதையே குறிக்கிறது. குறைந்தது 10 ஊழியர் உள்ள நிறுவனம், ஊழியருக்குச் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவரை அனுப்பினாலும் 2021 நவம்பரிலிருந்து இதுதான் விதி. மலேசியா, பிரிட்டன் பட்டியல்களுக்கும் ஆட்குறைப்பு பொருந்தும்.

இந்தியாவில் பொருந்தாது. நம் சட்டத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட்டின் பொருள், ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகவும் பணியை முடிப்பது. 1976இல் பாரத ஸ்டேட் வங்கி எதிர் சுந்தரமணி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், குறித்த காலம் முடிந்ததும் தற்காலிக வேலை தானாக முடிவதும்கூட இதில் அடங்கும் என்றார். 1990இல் அதே நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அந்த அகன்ற பொருளை உறுதிசெய்தது. ஒப்பந்தக் காலம் முடிவதை 1984ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கியிருந்தாலும், ஓய்வு, தொடர்ந்த உடல்நலக்குறைவு போன்ற சில விலக்குகள் தவிர மற்றக் காரணங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆள் மிகை என்ற பேச்சே இல்லாமல் ஒரே ஒருவரை அனுப்பினாலும் அது ரிட்ரெஞ்ச்மென்ட் ஆகலாம், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டி வரலாம். 'ஆட்குறைப்பு' என்று எழுதினால், நாங்கள் ஆள் குறைக்கவில்லையே என்று நிறுவனம் தமிழ்ச் சொல்லைக் காட்டித் தப்பப் பார்க்கும்.

இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் 'முடிவுறுத்தல்' இங்கே கைகொடுக்கிறது. பழியும் இல்லை, காரணமும் இல்லை, உறவு முடிகிறது என்பது மட்டும் இருக்கிறது. இந்தியப் பட்டியலுக்கு தண்டனைசாராப் பணிமுடிவு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. நீளம்தான், ஆனால் வரையறை அப்படியே சொல்லில் நிற்கிறது. 'பணிநீக்கம்' என்பதைத் தண்டனையாக நீக்குவதற்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். ஆலை நொடித்ததால் வேலை போனவர் அடுத்த நேர்காணலில் 'பணிநீக்கம்' என்று எழுதிய கடிதத்தை நீட்டினால் எதிரே இருப்பவர் பார்க்கும் பார்வையை நான் கண்டிருக்கிறேன். செய்யாத குற்றத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் அவர் தலையில் ஏற்றக்கூடாது.

கொழும்பு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாட்டின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தற்காலிகமாக வேலை தராமல் இருப்பதையும் முடிவுறுத்தலுக்குள் சேர்க்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அதைச் செய்ய இயலாது. சென்னைக் கிளை அறிவித்த லே-ஆஃபை அப்படியே நகலெடுத்துக் கொழும்புக் கிளை அறிவித்தால் சட்டமீறல் ஆகிவிடும். எனவே பட்டியலில் வேலைதராமை என்ற பதிவின்கீழ் இலங்கைக்கென்று தனிக் குறிப்பு வேண்டும். அதை இலங்கை வழக்குத் தமிழில் நீங்களே எழுதித் தரவேண்டும்.

பதிவின் வரைவு இது, திருத்துங்கள்:

*வேலைதராமை: பணியுறவு நீடிக்க, பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க, தட்டுப்பாடு, பழுது போன்ற காரணங்களால் முதலாளி தொழிலாளிக்கு வேலை தரத் தவறுவது, மறுப்பது அல்லது இயலாமல் போவது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் லே-ஆஃப் என்பது வேலையிழப்பைக் குறிக்குமிடத்து இச்சொல்லை ஆளற்க, பணிமுடிவு என்க.*

மறுப்பு உள்ளவர்கள் சொல்லை மட்டும் எழுதாமல், ஆலை அறிவிப்புப் பலகையில் அது எப்படி வரும் என்று ஒரு முழு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்கள், ஷிஃப்ட் முடிந்து வருபவர்களிடம் இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டி, 'நாளைக்கு ஆலைக்கு வரவேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

அன்புடன்,
ஒரகடம் வட்டாரத்துச் சட்ட மொழிபெயர்ப்பாளன்