நம்ம வீடு குழு: ட்ரேயில் பார்த்த கட்டி

செவ்வாய்க்கிழமை

அப்பா, 11:52: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. அவள் இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறாள். என்னை உள்ளே கூப்பிட்டு, எடுத்த கட்டியை ட்ரேயில் வைத்துக் காட்டினார்கள். கர்ப்பப்பைக்குப் பின்னாலிருந்து கருஞ்சிவப்பாகக் குலைகுலையாகத் தொங்குகிறது. பிரசவம் ஆனதும் விழும் நஞ்சு மாதிரி. எனக்குக் கை கால் ஆடிவிட்டது.

திருச்சி அத்தை, 11:54: சமயபுரத்தாளே! தம்பி, முதலில் ஒரு காபி குடி.

பெரிய மாமா, 11:57: மாப்பிள்ளை, எம்ஆர்ஐயிலேயே சார்கோமா என்ற தசைக் கேன்சராக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்களே. ரத்தத்தில் கேன்சருக்காகப் பார்க்கும் சிஏ-125 வேறு கூடுதல். கேன்சர்தான் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கல்பனா அக்கா (பெரிய மாமாவின் மகள், டாக்டர்), 12:03: அப்பா, கொஞ்சம் சும்மா இருங்கள். சிஏ-125 ஃபைப்ராய்டு என்ற சாதாரணக் கர்ப்பப்பைத் தசைக் கட்டியிலும் கூடும், மாதவிடாய் நேரத்திலும் கூடும். மாமா, நஞ்சு மாதிரி என்றீர்களே, போட்டோ எடுத்தீர்களா?

அப்பா, 12:04: எடுத்தேன். குழுவில் வேண்டாம், உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

கல்பனா அக்கா, 12:21: பார்த்துவிட்டேன். போட்டோவை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் அசல் நஞ்சு போலவே வளரும் அபூர்வமான ஃபைப்ராய்டு ஒன்று உண்டு. 1996-இல் ராத், ரீட், ஸ்டெர்ன்பெர்க் என்ற மூன்று பேர் எழுதினார்கள், அதனால் ஸ்டெர்ன்பெர்க் கட்டி என்றும் சொல்வோம். தசைச் செல்கள் கர்ப்பப்பைச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, நீர் கோத்து, ரத்தக்குழாய் மண்டி ஊதிப்போகும். அந்தக் கருஞ்சிவப்பு அதனால்தான். ஸ்கேனிலும் ட்ரேயிலும் பார்த்தால் பயங்கரம், மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் பரம சாது.

நான், 12:25: லேப்ராஸ்கோப்பி செய்திருக்கலாமே அக்கா? அம்மாவுக்கு இவ்வளவு பெரிய தையல்.

கல்பனா அக்கா, 12:29: இவ்வளவு பெரியதைச் சின்ன ஓட்டை வழியாக எடுக்க வேண்டுமென்றால் உள்ளேயே மெஷினால் துண்டாக்க வேண்டும். ஒருவேளை சார்கோமாவாக இருந்தால் வயிறு முழுக்க விதை தூவின மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014-இல் இதைத்தான் எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்குச் சார்கோமா ஒளிந்திருக்கலாம் என்பது அவர்கள் அப்போது போட்ட கணக்கு. தையல் ஆறிவிடும்.

அப்பா, 12:40: ஃப்ரோஸன் ரிப்போர்ட், அதாவது துண்டை உறையவைத்து உடனே பார்க்கும் சோதனை முடிவு, வாய்மொழியாகச் சொன்னார்கள். தசைக் கட்டிதான், கெட்ட செல் தெரியவில்லையாம்.

கல்பனா அக்கா, 12:42: நல்லது. ஆனால் ஃப்ரோஸனில் ஓரிரு துண்டுதான் பார்ப்பார்கள். முழு ரிப்போர்ட்டுக்குப் பல இடங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும். செல்லின் கரு கோணல்மாணலாக இருக்கிறதா, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் 10 புலங்களில் எத்தனை செல் பிரிகிறது, கட்டிக்குள் செத்துப்போன திட்டு இருக்கிறதா? மூன்றையும் சேர்த்துத்தான் எடை போடுவோம்.

பெரிய மாமா, 12:50: ஃபார்வர்டு செய்யப்பட்டது: கர்ப்பப்பைக் கட்டியைக் கரைக்கும் மலைவேம்புச் சாறு!

கல்பனா அக்கா, 12:51: அப்பா, கட்டி ட்ரேயில் இருக்கிறது. இனி யாருக்குக் கரைக்கப் போகிறீர்கள்?

அடுத்த புதன்கிழமை

கல்பனா அக்கா, 17:10: ரிப்போர்ட் வந்துவிட்டது. கோட்டிலிடனாய்டு டிசெக்டிங் லியோமயோமா. அன்றைக்குச் சொன்ன அதே ஸ்டெர்ன்பெர்க். செல் பிரிவு 10 புலத்துக்கு 1, செத்த திட்டு இல்லை, கருவும் ஒழுங்கு. கேன்சர் இல்லை, கீமோ இல்லை. அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். மாமா, ஸ்லைடையும் கட்டித் துண்டு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி பத்திரமாக வையுங்கள். பின்னால் எந்த டாக்டர் கேட்டாலும் அதுதான் பேசும்.

திருச்சி அத்தை, 17:12: 🙏🙏 தம்பி, இந்த வாரமே சமயபுரம் போகிறோம்.

அம்மா, 17:30: எட்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் குழுவில் நானும் இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லையா? அண்ணா, மனதைத் தயார் செய்யச் சொன்னது நீங்கள்தானே?

பெரிய மாமா, 17:31: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 17:31: அதையும் படித்துவிட்டேன்.