ரை விதைக்கிறது சரி, வசந்தத்துல அதை எப்படி முடிக்கிறது? (டில்லர் இல்ல, மருந்து அடிக்கக் கூடாது)

களிமண்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டி பக்கம் கம்யூனிட்டி கார்டன்ல 20க்கு 20 அடி பிளாட் ஒண்ணு வெச்சிருக்கோம். தக்காளி, கத்தரி, மிளகா, வெண்டை, முளைக்கீரை போடுவோம். மண்ணு செவப்பு களி, ஈரமா இருந்தா செருப்போட ஒட்டிக்கிட்டு வரும், காஞ்சா மம்பட்டி எறங்காது. அக்டோபர் கடைசில செடியெல்லாம் எடுத்துட்டா ஏப்ரல் வரைக்கும் வெறுமனே கெடக்குது, மழையிலயும் பனி உருகுற தண்ணியிலயும் மேல்மண்ணு வழிஞ்சு நடைபாதைக்கு வந்துடுது, மிச்சம் இருக்கறது தோசைக்கல்லு மாதிரி இறுகிப்போயிடுது.

பக்கத்து பிளாட்டுக்காரர் விண்டர் ரை (குளிரைத் தாங்குற ஒரு தானியப்பயிர்) போடுங்க, வேர் மண்ணை பிடிச்சு வெச்சுக்கும்னு சொல்றார். யூட்யூப்ல பார்த்தா விதைக்கிறதை பத்திதான் எல்லாரும் பேசுறாங்க, வசந்தத்துல அதை முடிக்கணும்னா டிராக்டர், ரோலர், இல்லன்னா கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி. எங்க கார்டன்ல களைக்கொல்லிக்கு அனுமதியே கிடையாது, மண்ணை உழுற டில்லர் மெஷினும் இல்ல. இருக்கறது மம்பட்டி, ரேக், ஒரு கதிர் அருவா. இதை வெச்சு ரையை முடிக்க முடியுமா? எப்போ வெட்டணும்? வெட்டின இடத்துலயே கீரை விதைக்கலாமா? கடையில "விண்டர் ரை"னு ஒரு மூட்டை, "ஆனுவல் ரைகிராஸ்"னு ஒரு மூட்டை இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணா வேறயான்னும் சொல்லுங்க.

லங்காஸ்டர் பண்ணை:
முதல்ல கடைசி கேள்வி. ரெண்டும் வேற வேற. நமக்கு வேண்டியது தானியம் காய்க்கிற ரை, விதை பார்க்க கோதுமை மாதிரியேதான், கொஞ்சம் ஒல்லியா நீலப்பச்சை கலந்த சாம்பல் நிறத்துல இருக்கும். ரைகிராஸ் புல்லு, விதை சின்னதா உமியோட லேசா இருக்கும். அதை தெரியாம வாங்கிடாதீங்க, கையால அதை ஒழிக்கிறது ரொம்ப கஷ்டம், கொஞ்சம் விட்டா விதை விழுந்து மறுபடி மறுபடி வரும்.

விதைப்பு பத்தி கவலையே வேண்டாம். உங்க ஊருக்கு செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் போடலாம். மண்ணு 1 டிகிரி செல்சியஸ் இருந்தாகூட ரை முளைக்கும், கவர் கிராப்ல, அதாவது மண்ணை மூடி காக்கறதுக்குன்னு போடுற பயிர்ல, இவ்வளவு லேட்டா விதைச்சும் பிடிச்சுக்கறது இது ஒண்ணுதான்னே சொல்லலாம். ஆயிரம் சதுர அடிக்கு 2ல இருந்து 3 பவுண்டு, உங்க பிளாட்டுக்கு ஒரு பவுண்டு சுமாரா போதும். தக்காளி இன்னும் காய்ச்சுக்கிட்டு இருந்தா எடுக்க வேண்டாம், செடிக்கு நடுவுலயே தூவி ரேக்கால ஒரு அங்குலம் மூடுற மாதிரி கிளறி விட்டு தண்ணி காட்டுங்க. அப்புறம் பனி விழுந்து தக்காளி கருகினதும் வேரோட பிடுங்காம அடியில வெட்டி எடுங்க, முளைச்ச ரை கலையாது.

இப்ப முக்கியமான விஷயம், முடிக்கிறது. இதுக்கு ரெண்டே ரெண்டு நல்ல நேரம்தான் இருக்கு, நடுவுல இருக்கறது முழுக்க கெட்ட நேரம். முதல் நேரம் ஏப்ரல் ஆரம்பம், பயிர் ஒரு ஜாண் உயரத்துக்குள்ள இருக்கும்போது மம்பட்டியால கொத்தி தலைகீழா புரட்டி விட்டுடணும், அப்ப தண்டு எல்லாம் இளசு, சீக்கிரம் மக்கிடும். ரெண்டாவது நேரம் பூக்கும்போது, நம்ம பக்கம் மே நடுவுல இருந்து மே கடைசிக்குள்ள வரும். அதுக்கு நடுவுல கணு விட்டு தண்டு நீள ஆரம்பிச்சதும் நீங்க வெட்டினீங்கன்னா அடியில இருக்கற தூர்ல இருந்து திரும்ப துளிர்த்துடும். கொத்தவும் வராது, வேர் அவ்வளவு பின்னி இருக்கும். "ரை சாகவே மாட்டேங்குது"னு புலம்புறவங்க முக்காவாசி பேர் இந்த நடு நேரத்துல வெட்டினவங்கதான்.

பூத்துடுச்சான்னு எப்படி தெரியும்னா, கதிர் வெளிய வந்து கொஞ்ச நாள்ல அதுல இருந்து சின்ன சின்ன மஞ்சள் பை தொங்கும், காலைல வெயில் ஏறினதும் கதிரை விரலால சுண்டுங்க, மஞ்சளா புகை மாதிரி மகரந்தம் பறக்கும். பாதிக்கு மேல கதிர் அப்படி பறந்துச்சுன்னா அன்னைக்கு வெட்டலாம். நெஞ்சு உயரம் நிக்கும், பயப்படாதீங்க, கதிர் அருவாவை மண்ணை ஒட்டி விட்டு அறுத்து அப்படியே ஒரே திசைல படுக்க போடுங்க. ஸ்ட்ரிங் டிரிம்மர் வேண்டாம், நீள தண்டு சுத்திக்கிட்டு நின்னுடும். படுத்த தட்டு தானா மூடாக்கு ஆயிடும், அதை விலக்கி குழி எடுத்து தக்காளி, மிளகா, கத்தரி நாத்து நடலாம். பெரிய பண்ணையில இதே வேலையைத்தான் ரோலர் கிரிம்பர்னு தண்டை நசுக்கி படுக்க வைக்கிற உருளை வெச்சு செய்றாங்க, பென்சில்வேனியா குட்ஸ்டவுன்ல இருக்கற ரோடேல் இன்ஸ்டிட்யூட் இதை பல வருஷமா செஞ்சு காட்டுது, அங்கயும் ரை பூக்குற வரைக்கும் காத்திருந்துதான் உருட்டுவாங்க.

அதனால விதைக்கிறதுக்கு முன்னாடியே எந்த பாத்தில அடுத்து என்ன வரப்போகுதுன்னு முடிவு பண்ணிடுங்க. ரையை எப்போ முடிக்கணும்னு அதுதான் சொல்லும்.

சோளக்காடு:
நான் அயோவால இருக்கேன், இங்க மக்காச்சோளம் சோயா வயல்ல ரை போடுறது நிறைய நடக்குது. மேல சொன்னதோட நைட்ரஜன் விஷயத்தையும் சேர்த்துக்குங்க. ரை பயறு வகை இல்ல, காத்துல இருந்து தழைச்சத்து எடுத்து தராது. மண்ணுல மிச்சம் கெடக்கற நைட்ரேட் மழைத்தண்ணியோட கீழ போயிடாம உறிஞ்சி வெச்சுக்கும், அதுதான் அதோட வேலை. மேரிலாந்துல செசபீக் விரிகுடாவுக்கு உரத்தண்ணி போறதை குறைக்கணும்னு ரை மாதிரி கவர் கிராப் போடுற விவசாயிக்கு மாநில அரசே காசு குடுக்குது.

ஆனா பிடிச்சதை எப்போ திருப்பி தரும்ங்கறது நீங்க வெட்டுற நேரத்தை பொறுத்தது. இளசா இருக்கும்போது கார்பன் நைட்ரஜன் விகிதம் 26க்கு 1 கிட்ட, பூக்கும்போது 37க்கு 1, காஞ்ச ரை வைக்கோல் 82க்கு 1. மண்ணுல இருக்கற நுண்ணுயிருக்கு சரியான சாப்பாடு 24க்கு 1 அளவுல இருக்கணும். அதை தாண்டிட்டா அதுங்க மக்க வைக்கிறதுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணுல இருந்தே எடுத்துக்கும், உங்க செடி ஜூன் மாசம் வெளிறி நிக்கும். அதனால பூக்கும்போது அறுத்ததை மண்ணுக்குள்ள புதைக்கவே கூடாது, மேல படுத்தே கெடக்கட்டும், நடுற குழியில நல்லா மக்குன கம்போஸ்ட்டோ பிளட் மீலோ (காஞ்ச ரத்தத்தூள் உரம்) கொஞ்சம் போடுங்க.

வேர் விஷயத்துல உங்க பக்கத்து பிளாட்டுக்காரர் சொன்னது ரொம்ப சரி. 1937ல எங்க அயோவால ஹோவர்ட் டிட்மர்னு ஒருத்தர் பெட்டில வளர்த்த நாலு மாச ரை செடி ஒண்ணே ஒண்ணை எடுத்து வேரை அளந்தார், மொத்தம் 623 கிலோமீட்டர் வந்துச்சு. ஒரே ஒரு செடி! உங்க களியை உடைக்கறதுக்கு மம்பட்டியை விட இது நல்லா வேலை செய்யும், நிஜமாவே சொல்றேன், பொறுமையா விடுங்க.

பச்சமொளகா:
கீரை கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதுதான் இதுல பெரிய விஷயம். ரை வளரும்போதும் மக்கும்போதும் அதுல இருந்து வர்ற ரசாயனம் சின்ன விதை முளைக்கறதை தடுக்கும். கேரட், லெட்டூஸ் எல்லாம் அடி வாங்கும், முளைக்கீரை இன்னும் மோசம். இந்த நாட்டுல சோயா விவசாயிங்க பிக்வீட்னு ஒரு களையோட போராடுறாங்க இல்லையா, அதை அமுக்கறதுக்குன்னே ரை போட்டு படுக்க வைக்கிறாங்க, அந்த பிக்வீட் நம்ம கீரையோட சொந்த பங்காளி, ஒரே அமராந்த் குடும்பம்! களையை அமுக்கறது கீரையை மட்டும் விட்டுடுமா? ரை மூடாக்குல கீரை விதைச்சா வராது. நாத்தா வளர்த்து நடுற செடிக்கு பிரச்சனை இல்ல, வெண்டை மாதிரி பெரிய விதையும் தாங்கும், ஆனா மூடாக்குக்கு கீழ மண்ணு சூடாக நேரம் ஆகும், வெண்டைக்கு சூடு வேணும், அதனால விதைக்கிற வரிசைல மட்டும் ஒரு அடி அகலத்துக்கு தட்டை ஒதுக்கி விடுங்க.

கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ரையே வேண்டாங்கறது என் கருத்து, ஓட்ஸ் போடுங்க. குளிர்ல தானா செத்துடும், மார்ச்ல காஞ்ச பாய் மாதிரி கெடக்கும், ரேக்கால இழுத்து ஒதுக்கிட்டு விதைக்க வேண்டியதுதான். எதுக்கு தேவையில்லாம அருவாளோட மல்லுக்கட்டணும்?

லங்காஸ்டர் பண்ணை:
கீரை பாத்திக்கு ஓட்ஸ், ஒத்துக்கறேன். ஆனா பிளாட் முழுக்க ஓட்ஸ்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். ஓட்ஸ் நல்லா வளர்ந்து மண்ணை மூடணும்னா ஆகஸ்ட் கடைசி, தப்பினா செப்டம்பர் நடுவுக்குள்ள விதைக்கணும், அந்த நேரத்துல தக்காளியும் மிளகாயும் உச்சத்துல காய்ச்சுக்கிட்டு இருக்கும். அதோட செத்த ஓட்ஸ் மார்ச் ஏப்ரல் மழைக்கு மண்ணை ரை பிடிக்கற அளவுக்கு பிடிக்காது, இவங்களோட பிரச்சனையே அந்த மழைதானே. சீக்கிரம் காலியாகுற பீன்ஸ், வெள்ளரி பாத்தில ஓட்ஸ் போட்டு அடுத்த வருஷம் அங்க கீரை, தக்காளி பாத்தில ரை போட்டு திரும்ப நாத்து வகை. தக்காளி கத்தரியை மட்டும் இடம் மாத்திக்குங்கன்னு சொல்லலாம்னா ரெண்டும் ஒரே குடும்பம், அதனால முடிஞ்சா நடுவுல ஒரு வருஷம் வெண்டை விடுங்க.

ஏஜாக்ஸ் வீட்டுத்தோட்டம்:
வணக்கம் பிள்ளையள். நாங்கள் கனடாவில, ஒன்டாரியோ பக்கம். இஞ்ச குளிர் கூட, ரை பூக்க ஜூன் மாசம் ஆகிடும், அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் மிளகாய்க்கண்டு வைக்கிற காலம் போயிடும். அதால நாங்கள் வேற மாதிரிச் செய்யிறனாங்கள். மே தொடக்கத்தில முழங்கால் உயரத்துக்கு வந்த உடனே அடியோட வெட்டிப்போட்டு, நல்லாத் தண்ணி விட்டு, மேல கறுத்த தார்ப்பாயை விரிச்சுச் சுத்திவரக் கல்லு வச்சு மூடிவிடுறது. வெளிச்சம் ஒரு பொட்டும் போகக்கூடாது. மூண்டு நாலு கிழமை கழிச்சுத் திறந்து பாத்தால் துளிர்க்கிறதெண்டு ஒண்டும் இராது, மண்ணும் நல்லாப் பொலபொலத்து மண்புழுவோட இருக்கும். வெட்டினது திரும்பத் துளிர்க்கும் எண்ட பயம் உள்ள ஆக்களுக்கு இதுதான் வழி. நீலத் தார்ப்பாய் வேண்டாம், அதுக்குள்ளால வெளிச்சம் போகும்.

இன்னுமொண்டு. மூலையில கொஞ்சத்தை முத்த விட்டுக் கோழிக்குப் போடுவம் எண்டு நினைச்சால், கதிருக்குள்ள கறுப்பா, எலிப்புழுக்கை மாதிரி நீட்டா ஏதும் இருக்குதோ எண்டு பாருங்கோ. அது எர்காட் பூஞ்சணம், நஞ்சு. ஆட்களுக்கும் கூடாது, கோழி ஆட்டுக்கும் கூடாது.

களிமண்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மா உங்களுக்கும். இப்போ பிளாட்டை ரெண்டா பிரிச்சு யோசிக்கிறேன், வெள்ளரி எடுத்த பக்கம் உடனே ஓட்ஸ், தக்காளி பக்கம் செடிக்கு நடுவுல ரை, மே கடைசில பூத்ததும் அறுத்து படுக்க போட்டு மிளகா நாத்து. ஹேரி வெட்ச்னு ஒரு பயறு வகைக் கொடியை கலந்து போட்டா தழைச்சத்தும் கிடைக்கும்னு படிச்சேன், கலக்கலாமா? அப்புறம் ரைல ரகம் பார்த்து வாங்கணுமா?

லங்காஸ்டர் பண்ணை:
கலக்கலாம், தக்காளி மிளகாய்க்கு ரொம்ப நல்லது, வெட்ச் பயறு வகைங்கறதால சோளக்காடு சொன்ன வெளிறுற பிரச்சனையும் குறையும். ரை விதையை பாதியா குறைச்சுக்குங்க, இல்லன்னா வெட்ச்சை அமுக்கிடும். ஆனா வெட்ச் செப்டம்பர் நடுவுக்குள்ள மண்ணுல விழணும், லேட்டானா ரை மட்டும் போடுங்க. அதுவும் பூக்கும்போதுதான் சாகும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். காய் முத்த விட்டுட்டா அதோட விதை மண்ணுல வருஷக்கணக்கா தூங்கி எழுந்து வரும், அதனால பூவுலயே அறுத்துடுங்க.

ரகம் போடாத மூட்டையே போதும். கிடைச்சா ஆருஸ்டுக்னு கேளுங்க, மத்த ரகத்தை விட சீக்கிரம் பூக்கும், மிளகா நடுறதுக்கு சில நாள் முன்னாடியே இடம் கிடைக்கும். கார்டன் நடத்துறவங்ககிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க, சில இடத்துல ஏப்ரல்ல மொத்த பிளாட்டையும் அவங்களே உழுதுடுவாங்க, சில இடத்துல நெஞ்சு உயரத்துக்கு நிக்கறதை பார்த்துட்டு கவனிக்காம விட்ட பிளாட்னு நினைச்சு நோட்டீஸ் அனுப்புவாங்க. வேலியில "கவர் கிராப், மே கடைசில அறுப்போம்"னு ஒரு அட்டை மாட்டிடுங்க.