கையாலை ஓரத்துக் கிளாவும் தெற்றியும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தக்கலை விளைக்காரி:
நான்கு வருடமாக மனதை அரிக்கும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் விளையின் (தோட்டத்தின்) தெற்குக் கையாலையில், அதாவது எல்லை மண்வரப்பில், அம்மச்சி காலத்துச் செடிகள் நின்றன. கிளா (களாக்காய்ச் செடி), தெற்றி (இட்லிப்பூச் செடி), இடையிடையே சூரைமுள். அறுபது அடி நீளம் இருக்கும். காம்பவுண்டுச் சுவர் கட்ட வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார். ஜேசிபி வந்தது காலை ஏழு மணிக்கு. ஒன்பது மணிக்குள் பாதிக் கையாலை மண்மேடாகிவிட்டது.

ஓட்டுநர் தேநீர் குடிக்க இறங்கினார். சத்தம் நின்றதும் ஒரு கொண்டைக்குருவி பறந்து வந்து அந்த இயந்திரத்தின் மண்ணள்ளும் வாளிப் பல்லில் உட்கார்ந்தது. அலகில் ஒரு தெற்றிப்பழம், நன்றாகக் கனிந்து கருஞ்சிவப்பாக. குருவி அந்தப் பழத்தை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தது. கூடு கிளாவுக்குள் இருந்திருக்க வேண்டும். மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. குருவி எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று தெரியாது. நான் உள்ளே போய்விட்டேன், நிற்க முடியவில்லை.

மீதிப் பாதியை அண்ணன் விட்டுவிட்டார். அதற்காக அவரிடம் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

திங்கள்சந்தை:
படித்துவிட்டு மனது கனத்தது அக்கா. எங்கள் வீட்டுக் கிணற்றடித் தெற்றியில்தான் பெண்குயிலை முதன்முதலில் பார்த்தேன். குயில் என்றால் கருப்பு என்று நினைத்திருந்த எனக்கு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி இறைத்த பழுப்புப் பறவை ஒன்று பழத்தை முழுதாக விழுங்கியது புரியவே இல்லை. ஆண்குயில் பக்கத்துத் தென்னையிலிருந்து கூவியபோதுதான் புரிந்தது. இப்போது புது வீட்டில் இடம் இல்லை, ஒரு சீனிப்பழ மரம் வைத்திருக்கிறேன். பறவை கூட்டமாக வருகிறது. சீக்கிரம் வேண்டுமென்றால் எல்லோரும் அதையே வைக்கலாம்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
மேலே சொன்ன தம்பிக்கு: சீனிப்பழ மரம் நம் மண்ணின் மரம் அல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. வைத்திருப்பதை வெட்டச் சொல்லவில்லை. ஆனால் ‘எல்லோரும் அதையே’ என்பதை ஏற்க மாட்டேன். உண்ணிச்செடியையும் ஒரு காலத்தில் அழகுக்காகத்தான் கொண்டு வந்தார்கள். அதன் பழத்தையும் இதே கொண்டைக்குருவிதான் தின்று மலையெல்லாம் விதைத்தது. இன்று பொத்தை (சிறு குன்று) அடிவாரத்தில் ஆடு நுழைய வழியில்லை. பறவை வருகிறது என்பது மட்டும் போதாது, அது எதை எங்கே கொண்டுபோய் எச்சமிடும் என்பதையும் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும், கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் மரமெல்லாம் பேயாட்டம் ஆடும். மேற்கே குலசேகரத்தில் கொட்டும் மழையில் பாதிகூட எங்களுக்கு இல்லை. அந்தக் காய்ந்த தரையில் தானாக நின்றது காரைச்செடி. ஆடு மேய்த்த வயதில் தாத்தா அதன் மஞ்சள் பழத்தைப் பறித்து, முள் கிழித்த விரலோடு என் வாயில் வைத்தார். இனிப்பும் இலேசான துவர்ப்பும், அதோடு அவர் விரலின் உப்பும் சேர்ந்த சுவை. தாத்தா போய் முப்பது வருடம் ஆகிறது. போன வருடம் வேலியோரம் ஐந்து காரைக்கன்று நட்டேன். மூன்று பிடித்திருக்கின்றன.

குலசேகரம் ரப்பர் தோட்டம்:
2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். காற்று அடங்கியபோது எங்கள் ரப்பர் மரங்கள் தீக்குச்சி போல் ஒடிந்து கிடந்தன, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. ஓடையோரத்துக் கிளாப்புதர் மட்டும் இலைகூட அதிகம் உதிராமல் நின்றது, அதனடியில் ஒரு கீரி நனைந்துபோய் ஒடுங்கியிருந்தது. என் அனுபவம் இவ்வளவுதான். அன்று முதல் கிளா நடுகிறேன்.

தக்கலை அக்காவுக்குச் சில சொல்ல வேண்டும், கேட்காமல் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளா விதை காய்ந்தால் முளைக்கும் சக்தி சீக்கிரம் போய்விடும். நன்கு கறுத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்ந்ததும் உடனே ஊன்றுங்கள். டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைத்தால் ஏமாறுவீர்கள். கன்றை முதல் வருடம் பையிலேயே வளர்த்து, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கும்போது நடுங்கள். வேலிக்கு என்றால் இரண்டு அடிக்கு ஒன்று. பழத்துக்கு மட்டும் என்றால் பத்து அடி தள்ளி, வெயில் நன்றாக விழும் இடத்தில். நிழலில் செடி நீண்டு வளரும், காய்க்காது. இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். அதுவரை பொறுக்காமல் பிடுங்கியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

தெற்றிக்கு விதை வேண்டாம். பென்சில் கனமுள்ள, முற்றியும் முற்றாமலும் இருக்கும் கம்பை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். நர்சரியில் கிடைக்கும் குட்டைத் தெற்றியை வாங்காதீர்கள். பூ இருக்கும், பழத்தை எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. பழைய வீட்டு முற்றத்துச் செடியிலிருந்து கம்பு கேளுங்கள். அப்புறம் ஒன்று, கத்தரிப்பதைப் பூவும் காயும் முடிந்த பிறகு செய்யுங்கள், அதுவும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. உரக்கடைக்காரர் சொல்லும் பூச்சிமருந்து எதுவும் வேண்டாம், புழு வந்தால் வரட்டும். குஞ்சுக்குக் குருவி ஊட்டுவது பெரும்பாலும் புழுவைத்தான்.

ஓடையோரம் ஈரம் இருந்தால் ஞாறையும் வையுங்கள். குட்டி நாவல் போல் பழம், நாக்கெல்லாம் ஊதா ஆகும். காயைப் பறிக்கும்போது உச்சிக் கொத்துகளைத் தொடாதீர்கள். எட்டும் உயரம் நமக்கு, எட்டாதது பறவைகளுக்கு. எங்கள் வீட்டில் உப்பிலிட்ட கிளாக்காய் இல்லாமல் பழங்கஞ்சி இறங்காது, அதற்கே ஆள் உயரத்துக் காய் போதும்.

நாகர்கோவில் அம்மா:
எல்லோரும் ஆசையாக எழுதுகிறீர்கள். ஒரு பயத்தையும் எழுத வேண்டும்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாமியார் வீட்டு வேலியிலிருந்து எதையோ தின்றுவிட்டு ஓடி வந்தாள். உதடு சிவந்திருந்தது. விரல்களில் பிசுபிசுவென்று வெள்ளைப்பால். பால் வடிந்தால் விஷம் என்றுதான் நான் வளர்ந்தேன். அதே வேலியில் மஞ்சளரளியும் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். மாமியார் வழிமறித்து, அவள் கையைப் பிரித்து, நசுங்கிக் கிடந்த பழத்தைப் பிட்டு உள்ளே பார்த்தார். சிறிய தட்டை விதைகள். “கிளாக்காய் மக்களே, பயப்படாதே. அரளிக் காய்க்குள் பெரிய கொட்டை இருக்கும்” என்றார். அப்படியும் மனம் ஆறாமல் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு தெரிந்துகொண்டேன், கிளாவும் அரளியும் ஒதளமும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றிலும் பால் உண்டு. ஒன்று ஊறுகாய், மற்ற இரண்டும் உயிரை எடுப்பவை. உண்ணிச்செடியின் பழுக்காத பச்சைக்காயையும் தின்னக் கூடாது. அதனால் குலசேகரத்து அண்ணனிடம் ஒரு கோரிக்கை: இத்தனை அடி தள்ளி நடு என்று சொல்லும்போதே, அந்த வேலியில் அரளி நிற்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். பெயர் தெரிந்த கிழவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். என் மாமியாரும் இப்போது இல்லை.

குலசேகரம் ரப்பர் தோட்டம்:
சொன்னது நியாயம் தங்கச்சி. நான் விட்டது தவறு. எங்கள் ஓடையில் ஒதளம் நிற்கிறது, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவதற்குள் அதைச் சுற்றி வேலி கட்டி மறைத்துவிடுகிறேன்.

திங்கள்சந்தை:
ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்னதை யோசித்தேன். மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் தெற்றி வருமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
வரும். தண்ணீர் மட்டும் தேங்காமல் பார்த்துக்கொள்.

தக்கலை விளைக்காரி:
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். அன்று மாலை மண்மேட்டிலிருந்து கிளாவின் அடித்தூர்கள் நான்கைத் தோண்டி எடுத்துக் கிணற்றடியில் புதைத்தேன். இரண்டு பட்டுப்போயின. இரண்டு துளிர்த்தன. இந்த வைகாசியில் அவற்றில் ஒன்று முதன்முறையாகக் காய்த்திருக்கிறது, எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ஒரு பக்கம் வெளிர்பச்சை, வெயில் படும் பக்கம் ரோஜாச் சிவப்பு.

அண்ணன் நேற்று வந்தவர் அந்தச் செடியருகில் வெகுநேரம் நின்றார். ஒன்றைப் பறிக்கக் கை நீட்டி, பறிக்காமல் இழுத்துக்கொண்டார். “கம்பு கேட்டால் தருவாயா? சுவரை ஒட்டி வைக்கலாம் என்று பார்க்கிறேன்” என்றார். கிளா கம்பில் சுலபமாக வராது, பழம் கறுக்கட்டும், விதை தருகிறேன் என்றேன். அரளி இருக்கிறதா என்று அவர் வீட்டு வேலியை நாளை போய்ப் பார்க்க வேண்டும்.