பிள்ளைங்க பிஎம்ஐ-யா, கொழுப்பு சதவீதமா, எதை நம்புறது?

அக்கா, அண்ணாங்களே, ஒரு உதவி. பையன் பிரைமரி த்ரீ, ஒன்பது வயசு, 36 கிலோ, 133 சென்டிமீட்டர். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கிற கணக்கு) 20.4 வருது, ஸ்கூல் செக்கப்ல ஓவர்வெயிட்னு சீட்டு குடுத்துட்டாங்க. பெரியவங்களுக்கு 23 வரை பரவாயில்லதானே, பின்ன என்னன்னு நானும் முதல்ல சண்டைக்குப் போற மாதிரி கேட்டேன், பிள்ளைங்களுக்கு வயசு, ஆணா பொண்ணா பாத்து பெர்சன்டைல் கணக்காம் (அதே வயசுப் பிள்ளைங்க நூறு பேர்ல இவன் எந்த இடத்துல நிக்கிறான்னு), சரி. ஆனா எடையில தசை எவ்ளோ கொழுப்பு எவ்ளோன்னு பிஎம்ஐக்குத் தெரியாதே, இவன் வாரம் நாலு நாள் ஃபுட்பால் ஆடுறவன். அதனால கொழுப்பு காட்டுற தராசு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், காலைல 29 சதவீதம், சாயங்காலம் நாலு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு ஈரக்காலோட ஏறுனா 25! கால் வழியா லேசா கரண்ட் விட்டு கணக்கு போடுதாம், உடம்புல இருக்கிற தண்ணிக்கேத்த மாதிரி மாறுமாம். அதுவும் பெரியவங்களுக்கான ஃபார்முலாவான்னு பெட்டியில ஒண்ணும் போடல. இன்னொரு பக்கம், நம்ம இந்தியப் பிள்ளைங்களுக்கு அதே பிஎம்ஐயில கொழுப்பு கொஞ்சம் கூடவே இருக்கும்னும் படிச்சேன், வயிறு வேற லேசா தள்ளுது (பாட்டி ஊட்டுற நெய் தோசை, தினம் ரெண்டு மைலோ). யாராச்சும் பிள்ளைக்கு டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே வச்சு கொழுப்பு, தசை, எலும்பைத் தனித்தனியா அளக்குறது) எடுத்திருக்கீங்களா, பாலிகிளினிக்ல கேட்டா அனுப்புவாங்களா, இல்ல இடுப்புச் சுற்றளவு அளந்தாலே போதுமா?